ஒரே பெயரில் இரண்டு பேக்கப்: ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் 11 வாரம்

திருப்பூரில் ஒரு சிறு நிறுவனத்தில் நடந்தது இது. வெளியே இருக்கும் ஹார்ட் டிஸ்குக்குத்தான் தினமும் பேக்கப் போகிறது என்று எல்லோரும் நம்பியிருக்க, 11 வாரமாக அது கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் நான். தவறின் பெரும்பகுதி என்னுடையது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பின்னணி

பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் எம்ப்ராய்டரி யூனிட் அது. மூன்று மெஷின்கள். பஞ்சிங் போடும், அதாவது படத்தை மெஷின் தைக்கக்கூடிய டிசைன் ஃபைலாக மாற்றும் தம்பிக்கு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். ஆபீஸில் உபுண்டு லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப் ஒன்று. கணக்கு பார்க்கும் அக்கா உட்காருவது இதில்தான். டிசைன்கள், பையர் அனுப்பும் படங்கள், சாம்பிள் போட்டோக்கள், சம்பளக் கணக்கு எல்லாம் இதிலேயே இருக்கும். பஞ்சிங் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக இதில்தான் சேமிக்கும். உள்ளே 500 ஜிபி டிஸ்க் ஒன்றே ஒன்று.

பேக்கப்புக்கு வெளியே செருகும் 1 டிபி டிஸ்குகள் இரண்டு. ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கும், இன்னொன்று முதலாளி வீட்டில். சனிக்கிழமை மாலை இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள். எது செருகியிருந்தாலும் பேக்கப்புக்கு நான் எழுதிய அதே ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) வேலை செய்யட்டும் என்று இரண்டு டிஸ்குக்கும் 'பேக்கப்' என்று ஒரே பெயரை வைத்திருந்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் இரவு 1 மணிக்கு எழுந்து, எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக அந்த ஸ்கிரிப்டை ஓட்டும், அது நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க்கை ஓட்டும். வேலைக் கோப்புகள் எல்லாம் மீடியா கோப்புறைக்குக் கீழே உள்ள 'பேக்கப்' என்ற இடத்துக்கு நகலாகும்.

அந்த இடத்தை உருவாக்குவது யார்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. லினக்ஸில் ஒரு டிஸ்கைச் செருகியதும் லினக்ஸின் மையமான கெர்னல் அதைக் கண்டுகொள்ளும், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதன் பெயரையும் அடையாள எண்ணையும் படிக்கும். ஆனால் டிஸ்கைத் திறந்து ஒரு கோப்புறையில் மாட்டுகிற வேலையை, அதாவது மவுண்ட் செய்வதை, யாராவது கேட்டால்தான் யூடிஸ்க்ஸ் என்ற பின்னணி நிரல் செய்யும். நாம் வழக்கமாகப் பார்க்கும் டெஸ்க்டாப்பில் அப்படிக் கேட்பது, லாகின் செய்திருக்கும் பயனரின் திரை. பென் டிரைவைச் செருகியதும் ஜன்னல் திறக்கிறதே, அது அதனால்தான். யாரும் லாகின் செய்யாமல் பெயர் கேட்கும் திரையிலேயே கம்ப்யூட்டர் நின்றால், டிஸ்க் செருகியபடியே இருக்கும், லைட்டும் எரியும், மவுண்ட் மட்டும் ஆகாது.

மூன்று வருடம் இது பிரச்சினை தரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை அணைப்பதே கிடையாது. அக்கா வீட்டுக்குப் போகும்போது திரையைப் பூட்டுவார், அவருடைய லாகின் அப்படியே இருக்கும். டிஸ்கை எடுக்கும்போதும் முறையாக எஜெக்ட் கொடுத்துத்தான் எடுப்பார். சொல்லிக்கொடுத்ததை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஆடிக் காற்று

ஆடி மாதம் பல்லடம், திருப்பூர்ப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் அந்தக் காற்றில் ஒரு வியாழக்கிழமை மாலை கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கியவரை தாங்கிவிட்டு அணைந்தது. இரவு பதினொரு மணி வாக்கில் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்துகொண்டது. அப்படி எழும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளில்) அமைத்து வைத்ததும் நான்தான். ஆபீஸில் ஆள் இல்லை, லாகின் இல்லை, ஆகவே மவுண்டும் இல்லை.

1 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. அதன் முதல் வரி, 'பேக்கப்' கோப்புறை இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள் என்றது. அந்த வரியை நான் எழுதிய காரணம் நினைவிருக்கிறது. ஆரம்பத்தில் டிஸ்க் செருகாமல் சோதித்தபோது 'அப்படி ஒரு இடம் இல்லை' என்று பிழை வந்தது. எரிச்சலில் இந்த வரியைச் சேர்த்தேன், பிழை போய்விட்டது. அப்புறம் மறந்தேபோனேன். சாதாரணப் பயனருக்கு அந்த இடத்தில் கோப்புறை உருவாக்க அனுமதி கிடையாது. ஓடியது ரூட் என்பதால் தடை சொல்ல யாரும் இல்லை. உள் டிஸ்கிலேயே 'பேக்கப்' என்று வெறும் கோப்புறை ஒன்று பிறந்தது. அதற்குள் 190 ஜிபி நகலாகி முடிந்தபோது விடிந்திருந்தது.

காலையில் அக்கா வந்து லாகின் செய்தார். இப்போது டெஸ்க்டாப் டிஸ்கை மவுண்ட் செய்யப் பார்த்தது. 'பேக்கப்' என்ற பெயரில் ஏற்கெனவே கோப்புறை இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் யூடிஸ்க்ஸ் சண்டை போடாது, பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். டிஸ்க் 'பேக்கப்1' என்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கப் பட்டியலில் தெரிவது டிஸ்கின் பெயர்தான். அது மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தை அங்கே பார்க்க முடியாது. ஆகவே திரையில் முந்தைய நாள் போலவே 'பேக்கப்' என்றே இருந்தது.

அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் தினமும் உள் கோப்புறைக்கே எழுதியது. சனிக்கிழமை டிஸ்கை மாற்றினார்கள், அடுத்த டிஸ்கும் 'பேக்கப்1'-க்கே போனது. லாகின் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் பழைய பெயரை வெறும் கோப்புறை பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் பட்டது

அக்காவிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கிரிப்ட் எழுதும் பதிவைத் திறந்து, கடைசி வரி 'சரியாக முடிந்தது' என்று இருக்கிறதா பார்த்து, தேதி போட்டு ஒரு டிக் அடிப்பார். ஆடிக் காற்றுக்குப் பிறகும் 11 டிக் இருக்கிறது. பதிவில் பொய் எதுவும் இல்லை. ஆர்சிங்க் சொன்ன இடத்துக்குச் சரியாகத்தான் எழுதி முடித்திருந்தது.

12-வது சனிக்கிழமை, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மதியம் போன் வந்தது. வாரச் சம்பளம் போடும் நாள், கூடவே போனஸ் பட்டியலும். 'சேமிக்க முடியவில்லை, டிஸ்கில் இடமில்லை' என்று சம்பள ஷீட் அடம்பிடிக்கிறதாம். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யச் சொன்னேன். ஒன்றரை ஜிபி கிடைத்தது, சம்பளம் பட்டுவாடா ஆனது. மீதியை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னேன்.

போனிலேயே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் முன்பு பாதிகூட நிரம்பாத டிஸ்க் இப்போது எப்படி நிரம்பியது? கேட்கவில்லை. போனஸ் நேரம், போட்டோக்கள் சேர்ந்திருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

யூனிட் விடுமுறை. முதலாளி மட்டும் வந்து திறந்துவிட்டார். கணக்கு போட்டுப் பார்த்தேன். வேலைக் கோப்புகள் 205 ஜிபி, சிஸ்டம் சுமார் 25. மொத்தம் 230 வர வேண்டும், ஆனால் 435 என்று காட்டியது. வெளி டிஸ்குகளை விட்டுவிட்டு உள் டிஸ்கை மட்டும் எண்ணும்படி ஒரு தேடலை ஓட்டினேன். மீடியா கோப்புறைக்குக் கீழே 205 ஜிபி என்று வந்தது. வெளி டிஸ்கையும் சேர்த்து எண்ணிவிட்டதோ என்று அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். அதே விடை.

எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கேபிளைக் கையால் பிடுங்கினேன். டிஸ்கின் நீல லைட் அணைந்தது. திரையில் 'பேக்கப்' கோப்புறையைத் திறந்தேன். எல்லா ஃபைலும் அப்படியே இருந்தன, முந்தைய இரவு 1 மணிக்கு எழுதியவை வரைக்கும். மேசை மேல் கிடந்த டிஸ்கை வேறு லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் அதில் கடைசித் தேதி ஆடி மாதம்.

பக்கத்தில் நின்ற முதலாளி சொன்னார்: "ஏனுங் தம்பி, டப்பால லைட்டு எரிஞ்சுட்டேதானுங்க இருந்துச்சு?" எரிந்துகொண்டுதான் இருந்தது. மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அந்த லைட்டுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் இருந்த இரண்டாவது டிஸ்கையும் எடுத்துவரச் சொன்னேன். அதில் அதைவிட ஒரு வாரம் பழைய தேதி.

எதை முதலில் செய்வது

இடம் இல்லை என்பதுதான் வந்த புகார். 205 ஜிபி தேவையில்லாத கோப்புறை கண் முன்னால் இருக்கிறது. அழித்தால் உடனே சரியாகிவிடும் என்று கை துடித்தது. அழிக்கவில்லை. தவறான இடத்தில் இருந்தாலும், 11 வாரத்து வேலைக்கு அப்போதிருந்த ஒரே இரண்டாம் நகல் அதுதான். அதே டிஸ்கில் இருப்பதால் டிஸ்க் போனால் இரண்டும் போகும் என்பது உண்மை. ஆனால் மனிதத் தவறால் ஏதாவது அழிந்திருந்தால் அதில் கிடைக்கக்கூடும்.

ஆகவே முதலில் கிரானை நிறுத்தினேன். லேப்டாப்பில் ஒரு பார்வை பார்த்ததும், முதல் டிஸ்குக்குள் பழைய நகலைத் தொடாமல் புதிய கோப்புறை போட்டு, வேலைக் கோப்புகள் முழுவதையும் நகலெடுத்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நகல் அசலோடு ஒத்துப்போகிறதா என்று செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வைத்து ஒப்பிட்டேன். பிறகு இரண்டாவது டிஸ்குக்கும் அதே. மாலை ஏழு மணிக்குத்தான் உள் கோப்புறையில் கை வைத்தேன். அதற்கு முன் ஒரு தேடல்: அளவு பூஜ்யமாக இருக்கும் ஃபைல்கள் எவை?

ஐந்து வந்தன. நான்கு தற்காலிகக் கோப்புகள், போனால் போகட்டும். ஐந்தாவது ஒரு குழந்தைகள் டிஷர்ட்டுக்கான யானை டிசைன்.

யானை

இந்தப் பகுதி எனக்கே பிறகுதான் முழுதாகப் புரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை பஞ்சிங் தம்பி யானையின் காதில் ஒரு திருத்தம் செய்து சேமித்திருக்கிறார். மென்பொருள் பழைய ஃபைலைக் காலியாக்கிவிட்டுப் புதிதாக எழுதப் பார்த்தது. இடமில்லை. ஒரு பிழை ஜன்னல் வந்தது. "நெட்வொர்க் அப்பப்ப அப்படித்தானுங்கண்ணா சொல்லும், ஓகே குடுத்துட்டு மூடிட்டேன்" என்றார் திங்களன்று. அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த நெட்வொர்க் உண்மையிலேயே அப்பப்போ அப்படிச் சொல்லும். ஃபைல் பூஜ்யமாக நின்றது.

சரி, அன்றிரவு பேக்கப்பும் இடமில்லாமல் தோற்றிருந்தால் முந்தைய இரவின் நல்ல பிரதியாவது உள் கோப்புறையில் பிழைத்திருக்கும். தோற்கவில்லை. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கியிருக்கும், வழக்கமான அமைப்பே அதுதான். 500 ஜிபி டிஸ்கில் அது சுமார் 23 ஜிபி. பயனர்களுக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது, ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு இன்னும் இடம் இருந்தது. ஆர்சிங்க் பார்த்தது: ஃபைலின் அளவு மாறியிருக்கிறது, நேரமும் மாறியிருக்கிறது. பூஜ்ய ஃபைலை எடுத்து நல்ல பிரதியின் மேல் போட்டுவிட்டது. வெளி டிஸ்குகளிலோ ஆடிக்குப் பின் எதுவும் இல்லை, யானை வந்ததே புரட்டாசியில்.

முழு நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. மெஷினுக்குக் கொண்டுபோன பென் டிரைவில், மெஷின் படிக்கும் டிஎஸ்டி வகை ஃபைல் இருந்தது. ஆனால் டிஎஸ்டியில் இருப்பது ஊசி போக வேண்டிய தையல்கள் மட்டுமே. வடிவத்தின் எல்லைக் கோடுகள் அதில் இல்லை, நூல் நிறமும் இல்லை. நிறம் மாற்ற எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் உண்டு. அதே சைஸில் ஓட்டலாம். சிறிய சைஸ் டிஷர்ட்டுக்குக் குறைக்கப் போனால் தையல் நெருக்கம் கெட்டுவிடும். நிற வரிசையை மெஷின்காரர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது உதவியது. மற்ற இரண்டு சைஸுக்கும் தம்பி முதலிலிருந்து பஞ்சிங் போட்டார். ஒன்றரை நாள், ஒரு மறு சாம்பிள். ஷிப்மென்ட் தப்பியது. டிஸ்கே செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை முதலாளி கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மாற்றியவை, ஏன் மாற்றினோம்

முதல் யோசனை, எழும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கைப் பதிந்து கம்ப்யூட்டர் எழும்போதே மவுண்ட் ஆகச் செய்வது. லாகின் தேவைப்படாது. வேண்டாம் என்று விட்டேன். டிஸ்கைச் செருக மறந்த நாளில் கம்ப்யூட்டர் அதற்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடர்) என்று சேர்த்தால் நிற்காது. ஆனால் அப்போது மவுண்ட் ஆகவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது, பழைய கதைதான். சனிக்கிழமை மாற்றும் டிஸ்கை எழும்போது மவுண்ட் செய்வது பொருந்தவும் இல்லை.

கடைசியில் ஸ்கிரிப்டே மவுண்ட் செய்யட்டும் என்று முடிவு செய்தேன். 1 மணிக்கு இரண்டு டிஸ்குகளின் அடையாள எண்களையும் தேடும். எது இருக்கிறதோ அதைத் தனக்கென்று வைத்த இடத்தில் மவுண்ட் செய்யும், உண்மையிலேயே மவுண்ட் ஆனதா என்று பார்க்கும், நகலெடுக்கும், பிறகு மவுண்டை அவிழ்த்துவிடும். ஆகவில்லையென்றால் ஒரு பைட் கூட எழுதாமல் பிழை சொல்லி நிற்கும். இதில் இன்னொரு லாபம், பகல் முழுவதும் டிஸ்க் அவிழ்ந்தே இருப்பதால் சனிக்கிழமை எஜெக்ட் கொடுக்க மறந்தாலும் பாதகமில்லை. இரண்டு டிஸ்குக்கும் இப்போது வேறு வேறு பெயர்.

மவுண்ட் ஆகும் வெறும் கோப்புறைக்கு 'மாற்றக் கூடாது' என்ற பண்பையும் கொடுத்தேன். அது இருந்தால் ரூட்டால்கூட அதற்குள் எதையும் உருவாக்க முடியாது. டிஸ்கை அதன் மேல் மவுண்ட் செய்ய மட்டும் தடையில்லை. ஸ்கிரிப்டில் நான் மறுபடி முட்டாள்தனம் செய்தாலும் இது பிடித்துக்கொள்ளும். செய்யவே பத்து விநாடி ஆகாது. மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம்.

பென் டிரைவுகள் தானாக மவுண்ட் ஆவதை நிறுத்தவில்லை. முதலாளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பையர் ஆபீஸிலிருந்தும் பிரிண்டிங் யூனிட்டிலிருந்தும் ஒரு நாளைக்குப் பத்து பென் டிரைவ் வரும் இடம் அது. நிறுத்தினால் அக்கா ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் செய்வார். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த வசதி நல்ல வசதிதான். பேக்கப் டிஸ்குகளை மட்டும் கண்டுகொள்ளாதே என்று யூடெவ்வில் ஒரு விதி எழுதினேன். ஃபைல் மேனேஜரில் அவை இப்போது தெரிவதில்லை. (பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வேறு விஷயம். அதை விண்டோஸ் 7 நிறுத்தியது, எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011-ல் அப்டேட் வழியாக நிறுத்தினார்கள். பஞ்சிங் கம்ப்யூட்டரில், செருகியதும் என்ன செய்யட்டும் என்று கேட்கும் ஆட்டோபிளேயையும் அணைத்துவைத்தேன்.)

கடைசியாக, ஒரே பிரதியின் மேல் எழுதிக்கொண்டே போகும் முறையை விட்டோம். இப்போது ஒவ்வொரு இரவுக்கும் ஒரு தேதியிட்ட கோப்புறை. மாறாத ஃபைல்களுக்கு ஆர்சிங்க் முந்தைய நாள் பிரதியோடு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்வதால் இடம் அதிகம் பிடிக்காது. டிஸ்குகளில் அதுவரை இருந்தது, விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட். இதற்கு அது ஒத்துவராது என்று டிஸ்குகளை ஒவ்வொன்றாக எக்ஸ்ட்4-க்கு மாற்றினேன். முதலாளிக்கு இதில் வருத்தம் உண்டு. வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் செருகி சாம்பிள் போட்டோ பார்க்கும் பழக்கம் அவருக்கு, இனி முடியாது. போட்டோக்களை மட்டும் தனி பென் டிரைவில் கொடுக்கிறோம். பஞ்சிங் மூல ஃபைல்கள் மொத்தமே 6 ஜிபிதான், அவை இணையச் சேமிப்புக்கும் போகின்றன.

அதன் பிறகு

ஆறு மாதத்தில் இரண்டு முறை ஸ்கிரிப்ட் எழுத மறுத்திருக்கிறது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருக மறந்துவிட்டார்கள். ஞாயிறு காலை என் போனுக்குச் செய்தி வந்தது. சித்திரையில் ஒரு முறை யூஎஸ்பி கேபிள் தளர்ந்திருந்தது. சித்திரையிலேயே ஒரு கோடை மழை இரவில் கரண்ட் போய் வந்தது. யாரும் லாகின் செய்யவில்லை, பேக்கப் சரியான டிஸ்குக்கே போயிருந்தது.

இன்னும் மிச்சமிருக்கும் குறை: அக்காவின் மேசைக் கம்ப்யூட்டரே இன்னமும் எல்லோருக்கும் சர்வர். நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாகச் சேமிக்கும் தனி நாஸ் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசினோம், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி. தீபாவளி முடிந்து நாளாகிவிட்டது.

நோட்டு மாறியிருக்கிறது. டிக் அடிப்பதை நிறுத்திவிட்டோம். சனிக்கிழமை கழற்றும் டிஸ்கைப் பஞ்சிங் அறையில் உள்ள என் பழைய லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, அந்த வாரம் போட்ட டிசைன் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பெயரையும் அளவையும் அக்கா கையால் எழுதுகிறார். கடைசியாகப் பார்த்தபோது எழுதியிருந்தது: 'மயில் பாக்கெட், 212 கேபி, திறந்தது.'